வாய்மடை

அப்பாவின் காலில் மண்வெட்டி பட்டு ஏழு தையல்.
அதனால் அந்த மார்கழிக் கடைசியில்
எங்கள் முறைத்தண்ணிக்கு நான் போனேன்.
ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு.
துணைக்குத் தம்பி வெள்ளைச்சாமி.
துணை என்றால்
சாக்கைப் போர்த்திக்கொண்டு வரப்பில் தூங்குவது.

கண்டனூருக்கு மேற்கே எங்கள் கண்மாய்.
முழங்கால் தண்ணீர்தான் மிச்சமிருந்தது.
கதிர் பால் பிடிக்கிற நேரம்,
ஒரு தடவை நனைந்தால் நெல்,
இல்லாவிட்டால் பதர்.
நீர்ப்பாய்ச்சி மணிக்கணக்கு சொல்லிவிட்டுப் போயிருந்தார்:
எங்களுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை.
பூமயில் வீட்டுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று.
மூன்றுக்கு மேல் காட்டுராசா,
கைக்கடிகாரம் கட்டியவர்.

இருட்டில் தரையைத் தட்டி நடப்பது,
மண்வெட்டியைத் தோளில் போட்டால்
வாயை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வது,
நண்டு வளையைக் குதிகாலால் மிதித்து அடைப்பது,
இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.
கூடவே நடந்தால் பாவாடையில் ஒட்டிக்கொள்ளும்
நாயுருவி மாதிரி.

தண்ணீரைக் காதால்தான் பார்க்க வேண்டும்.
நிறைகிற வயலுக்கு ஒரு சத்தம்.
வரப்போட்டையில் களவு போகிற வயலுக்கு
வேறு சத்தம்.
அன்றைக்குக் களவு இல்லை.
மேல்பாதி நிறைந்து, நடுப்பாதி நிறைந்து,
கீழ்மூலை மட்டும் வெடிப்போடு கிடந்தது,
பத்துப் பாய் விரிக்கிற அகலத்துக்கு.

மணி ஒன்றரை.

மணி ஒன்று முப்பத்தைந்து.

வாய்க்கால் கரையில் டார்ச் வெளிச்சம் வந்தது.
துண்டுக்குள் சுற்றிவைத்திருந்த டைம்பீஸின்
பின்பக்கத் திருகை நான் தொட்டேன்.
ஜில்லென்றிருந்தது.
முள் பின்னோக்கிப் போகும்போது
சத்தமே போடாது, தெரியுமா?

பூமயில். என் பெஞ்சு, எனக்கு இடப்பக்கம்.
அவளும் தனியாகத்தான் வந்திருந்தாள்,
அண்ணனின் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு.
"மணி என்னடி?"
துண்டைப் பிரித்துக் காட்டினேன்.
ஒன்றே கால்.
பொய் சொல்ல வாயே தேவைப்படவில்லை.

அவள் டைம்பீஸைப் பார்த்தாள்.
பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள்.
ஆறாமீன் மேற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது.
அதைவைத்து மணி சொல்ல அவளுக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.
"சரி, முடிச்சிக்க" என்றாள்.
பேட்டரி தீர்ந்துவிடுமென்று டார்ச்சை அணைத்துவிட்டு
வரப்பில் குந்தினாள்.

கீழ்மூலை குடித்தது.
வெடிப்புக்குள்ளிருந்து குமிழ் குமிழாய்க் காற்று வந்தது,
அது மட்டும்தான் பேசியது.
நிறைந்ததும் எங்கள் வாய்மடையை அடைத்தேன்.
ஒரு சொட்டு கசியக்கூடாதென்று
தேவைக்கு மேல் இரண்டு வெட்டு மண் போட்டு,
மிதித்து, மறுபடி மிதித்து.
அவள் பக்கம் நானே வெட்டிவிட்டேன்.
அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்று மணிக்குக் காட்டுராசா வந்து
சொன்னபடி மடையைத் திருப்பிக்கொண்டார்.

மாசியில் ஒருவர் வயலுக்கு ஒருவர் அறுக்கப் போனோம்.
அவர்கள் வயலின் கீழ்மூலையில்
கதிர்கள் நிமிர்ந்து நின்றன.
நிமிர்ந்த கதிர் வெறுங்கதிர்.
ஒன்றை உருவிக் கசக்கி ஊதினேன்.
உள்ளங்கையில் எதுவும் மிஞ்சவில்லை.
பூமயில் என் பக்கத்து வரிசையில்தான் அறுத்தாள்.
அரிவாள் மொக்கையானபோது
தன்னுடையதை நீட்டினாள், பிடி சுடச்சுட.

பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்தவர்
வயலில் வளர்கிற பிள்ளைகளுக்கு
நேர்மை மண்ணிலிருந்தே வருகிறது என்றார்.
கைதட்டினோம், எல்லாரோடும் சேர்ந்து.

சித்திரை வெயிலில் முழுப்பரீட்சை.
கணக்குத் தாளில் நான்காம் கேள்வி:
ஒரு தொட்டியை ஒரு குழாய் இத்தனை நிமிடத்தில் நிரப்பும்,
இன்னொரு குழாய் காலி செய்யும்,
இரண்டையும் திறந்துவிட்டால்?
எனக்கு ஓடவில்லை.
பூமயில் முடித்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி
தாளை என் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துவைத்தாள்.

நான் பார்க்கவில்லை.
பிறகு பார்த்தேன்.