பஞ்சு

புயலுக்கு முன்
என் பொறுப்பில் முப்பத்தொரு வீடுகள்.
வீடு என்றால் வாடகை வீடு.
பாதிக்கு மேல் எங்கள் அலுவலகம் கட்டும்.
ஏன் கட்டுகிறோம் என்று
வீட்டுக்காரரிடம் மூச்சு விட மாட்டோம்.

பத்தாம் நாள்தான்
லேக் சார்ல்ஸுக்குள் காரை விட்டார்கள்.
பைன் மரங்கள் ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடந்தன,
யாரோ படிய வாரிவிட்டதுபோல.
தெருப்பெயர்ப் பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை.
எண்ணெய் ஆலையின் புகைபோக்கியை வைத்துத்தான்
திசை பிடித்தேன்.

வெர்லின் கில்லரி. ஐம்பத்தெட்டு வயது.
இறால் படகில் முப்பது வருஷம்.
(பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.)
அவர் கூரை அடுத்த தெருவில் கிடந்தது.
வாசலில் குளிர்ப்பெட்டி,
திறந்துகொள்ளாமல் நாலு சுற்று டேப் போட்டு.
அதன்மேல் கறுப்பு மையில்:
'உயிரோடிருக்கிறேன்.
உயர்நிலைப் பள்ளி, கட்டில் 212.'

கூடைப்பந்து மைதானத்தில்
நானூறு கட்டில்கள்.
இந்தக் கட்டிலில் திரும்பிப் படுத்தால்
அந்தக் கட்டில் விழித்துக்கொள்ளும்.
ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை.
குப்பியை எடுத்தால் கிலுகிலுக்கும்.
'எதுக்குப்பா அது?' என்று யாராவது கேட்பார்கள்.
'பிரஷர்' என்று இரண்டு தரம் சொன்னார்.
மூன்றாம் நாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து
ஒரு பிடி பஞ்சு வாங்கி
குப்பிக்குள் அடைத்துவிட்டார்.

நான் போனபோது
ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கிக்கொண்டிருந்தார்,
விருந்தாளி கூடிப்போனால்
குழம்பில் தண்ணீர் ஊற்றுவதுபோல.
'இது குழம்பு இல்லை, வெர்லின்' என்றேன்.
'தெரியும்' என்றார்.
நூறு மைல் தள்ளி அலெக்ஸாண்ட்ரியாவில்
ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது.
போய் வந்தேன்.

வீட்டு உதவிக்கு வரிசை.
மேஜையில் இருந்த பெண் கெட்டவள் இல்லை,
தூங்கி மூன்று நாளாகியிருந்தது.
சத்தமாய்க் கேட்டாள்:
'முன்னே எந்தத் திட்டத்தில் இருந்தீங்க?'
திட்டத்தின் பெயரிலேயே
நோயின் பெயர் இருக்கிறது.
பின்னால் நின்றது யூனிஸ்,
அவருடைய தேவாலயத்தில் பாடுகிறவர்.
(இதுவும் மாற்றிய பெயர்.)
வெர்லின் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
'மறந்துபோச்சு' என்று சொல்லிவிட்டு
வெயிலுக்குள் நடந்தார்.

அடுத்து யூனிஸ்.
அவரிடமும் அதே கேள்வி.
அவருக்கும் மறந்துபோனது.

இருவரும் என் முப்பத்தொருவரில் இருவர்.
ஒரே வரிசைப் பெஞ்சில்
ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் பாடியவர்கள்.
அவரிடம் இவரைப் பற்றியோ
இவரிடம் அவரைப் பற்றியோ
சொல்ல எனக்கு உரிமையில்லை.
கார் கதவைச் சாத்திக்கொண்டு
ஸ்டியரிங்கில் தலைவைத்து
கொஞ்ச நேரம் இருந்தேன்.

அவர் ரத்தப் பரிசோதனையில் எழுதியிருந்தது:
கிருமி, கண்டறிய முடியாத அளவு.
நல்ல சேதி.
நிவாரணப் பட்டியலில் தேடினேன்.
அங்கே அவரும் அதே அளவு.

பிறகு ஐந்து மாதம்.
ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல், அங்கிருந்து இன்னொன்று,
அப்புறம் மச்சினன் வீட்டுக் கார் கொட்டகை.
நகரம் முழுக்க நீலத் தார்ப்பாய்க் கூரைகள்.
அறுநூறுக்கு இருந்த வாடகை
ஆயிரத்து நூறாகியிருந்தது.
கேட்ட வீட்டுக்காரர்களில் பதினான்கு பேர்
'அரசாங்கக் காசு வேண்டாம்' என்றார்கள்.
பதினைந்தாவது ஆள் காது கேளாத கிழவர்.
'மாசம் பிறந்தா பணம் வருமா?' என்று மட்டும் கேட்டார்.
வரும் என்று எழுதிக் காட்டினேன்.

இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு இன்னும் பலகைதான்.
வெர்லின் சாவியைத் திருப்பினார்,
உள்ளே போனார், உடனே வெளியே வந்தார்,
மறுபடி திருப்பிப் பார்த்தார்.

ஒன்பது மணி ஆகவில்லை.
இருந்தும் குப்பியைத் திறந்தார்.
பஞ்சு மாத்திரைத்தூளில் மஞ்சளாகியிருந்தது.
விரல்விட்டு இழுத்துப்போட்டு
மூடியை இறுக்கி
காதருகே வைத்து ஒரு குலுக்கு.
இன்னும் ஒரு குலுக்கு, பலமாக.

வெற்று அறை,
சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

யூனிஸுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை.
அவருடைய கோப்பு
காரின் முன்சீட்டில் இருக்கிறது.