கடைசிப் பக்கத்துக் குமிழி

மியூஸ் ஆற்றங்கரையில்
செரேங் நகராட்சி நூலகத்தில்
அழிரப்பர் என் பொறுப்பு.
இருபத்திரண்டு வருடமாக.
சம்பளச் சீட்டில் வேறு பதவி போட்டிருக்கும்,
அதை விடுங்கள்.

சமையல் புத்தகங்களில் வெண்ணெய்க் கறை,
துப்பறியும் நாவல்களில்
கொலைகாரன் பெயருக்கடியில் கோடு
(எந்தப் பாவியோ, பன்னிரண்டாம் பக்கத்திலேயே),
இதெல்லாம் சில்லறை வேலை.
என் ரப்பர் தேய்ந்தது முழுக்க
ஒரே புத்தகத்தில்.

‘மூன்றாம் பாலம்.’
கறுப்பு வெள்ளை, தொண்ணூற்றாறு பக்கம்,
நான் பிறந்த வருடம் வந்தது.
பாலத்தைத் தூக்கி இறக்கும் காவலாளி ஒருவன்,
இரவு வேலை முடிந்து அக்கரை போகும்
வெல்டர் பெண் ஒருத்தி.
துப்பாக்கி இல்லை, முகமூடி இல்லை,
பறக்கிற ஆள் இல்லை.
தொண்ணூற்றைந்து பக்கம் மழை.
கடைசிக் கட்டத்தில் அவள் திரும்பி
வாய் திறக்கிறாள்.
குமிழி இருக்கிறது.
உள்ளே ஒன்றுமில்லை.

அச்சகத்தின் கவனக்குறைவு என்றார்கள் சிலர்.
கூலி பாக்கிக்குக் கோபித்து
எழுத்து வரைபவன் கடைசித் தகட்டோடு
நடையைக் கட்டிவிட்டான் என்றும் பேச்சு.
எப்படியோ,
காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

அழித்ததில் நினைவிருப்பவை:
“சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது.”
“நீயும் ஒரு ஆளா?”
இத்தாலிய மொழியில், நடுங்கும் கையெழுத்தில்,
“கடிதம் கிடைத்தது. வர முடியவில்லை.”
“உலை அணைந்துவிட்டது.”
அது இங்கே கடைசி ஊதுலையை மூடிய வாரம்;
பென்சில் அல்ல, கரி,
தேய்க்கத் தேய்க்கப் பரவியது.
ஒரு பொடியன் எழுதியிருந்தான்:
“அவசரமாக ஒண்ணுக்கு வருது.”
அன்று மேசைக்கடியில் குனிந்து சிரித்தேன்.

பதினோரு முறை திருட்டுப் போயிருக்கிறது.
நான்கு முறை தானாகத் திரும்பி வந்தது,
அதில் ஒருமுறை புது அட்டை போட்டுக்கொண்டு.
காத்திருப்போர் பட்டியலில் பாதிப்பேர்
அது வந்தபோது பிறந்திராதவர்கள்.
பேக்கரியில் வேலை செய்யும் ஐசெல்
பதினேழாவது தடவையாக நீட்டியபோது
“இன்னுமா முடிக்கவில்லை?” என்றேன்.
“நீங்கள் அழிப்பதற்குள்
பிடித்தாக வேண்டுமே, மேடம்” என்றாள்.

எனக்குச் சித்திரக்கதை ஒத்துவராது,
சொல்லிவிடுகிறேன்.
படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று
கண் தடுமாறும்.
ஆனாலும் ரப்பரை எடுக்குமுன்
ஒவ்வொரு முறையும் ஒரு நொடி
அவள் வாயையே பார்ப்பேன்.

போன இலையுதிர் காலத்தில்
ஆடம்பரப் பதிப்பு இறங்கியது.
தோல் முதுகு, பட்டு நாடா, இரண்டு கிலோ.
ஓவியரின் பழைய குறிப்பேட்டில் கிடைத்ததாம்,
குமிழியை நிரப்பிவிட்டார்கள்:
“நாளைக்கும் மழைதான்.”

அவ்வளவுதான்.

கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கிஸ்லேன்
நின்றபடியே புரட்டினார்.
“முள்ளை எடுத்துவிட்ட மீன்” என்றார்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது இரவல் முடிந்து வந்தபோது
குமிழி மறுபடி வெள்ளை.
திருத்துமை, இரண்டு பூச்சு, சுத்தமான வேலை,
கோட்டின் மேல் ஒரு துளி படவில்லை.
விதிப்படி அபராதம், பெயர், கையொப்பம்.
ஐசெலின் கட்டைவிரல் நகத்தில் வெள்ளை;
மாவாகவும் இருக்கலாம்.
பதிவேட்டில் ‘சேதமில்லை’ என்று எழுதினேன்.

பூச்சு காய்ந்து நாலு நாள் ஆகவில்லை,
பென்சில் வந்துவிட்டது.
அதன்மேல் ரப்பரை வைத்தால் வெள்ளை உரியும்.
ஆக, அந்த ஒரு இடத்தில்
என் வேலை போயிற்று.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்
அடியிலிருக்கும் அச்செழுத்து மங்கலாகத் தெரியும்.
யாரும் பிடிப்பதில்லை.
செரேங்கில் வெயிலும் அவ்வளவு கிடையாது.