காதுமடல்

ரெஜைனாவிலிருந்து வந்தவர்
பூட்ஸிலிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.
தலைக்கு, நாளொன்றுக்கு, என்ன ஆகும்?
நயாசின் மூன்று கிராம், சில சென்ட் என்றேன்.
கட்டிலுக்கு ஆகும் செலவை
ஏற்கெனவே எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.

பாதிப்பேருக்கு மருந்து, பாதிக்குச் சுண்ணாம்பு.
யாருக்கு எது என்பது அவருடைய உறைக்குள்.
வார்டு நர்ஸ் எனக்கும் தெரியக்கூடாதாம்.

ஆனால் விழுங்கிய கால்மணியில்
காதுமடலில் பற்றிக் கழுத்துக்கு இறங்கும் சிவப்பு.
ஒடார்கா மட்டும் வெளுத்தே இருந்தாள்.
வார்டில் கண்ணாடி கிடையாது;
கரண்டியின் முதுகில் முகம் பார்த்துக் கேட்டாள்:
"எனக்குச் சுண்ணாம்புதானே?"
பொய் சொல்லவில்லை நான். பதிலும் சொல்லவில்லை.

மறுநாள் டெல்ஃபினின் நாக்கடியிலிருந்து
ஈர மாத்திரை ஒன்று
இவள் உள்ளங்கைக்கு மாறியது.
பார்த்தேன்.
இருவர் பெயருக்கு நேரேயும்
'விழுங்கினார்' என்று எழுதினேன்.

வேபர்னின் ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பது.
உள்ளே ஒடார்கா சிவந்தாள்,
அறுவடை வெயிலில் நாளெல்லாம் நின்றவள்போல.

"என்ன, கோபமா?" என்றார் அவர்.
"சூடாயிருக்கு" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

உறையைப் பிரித்தார்.
நெற்றியைச் சுருக்கினார்.
'சுண்ணாம்புக்கும் சிவக்கிறது' என்று குறித்துக்கொண்டு
நாலரை மணி ரயிலுக்குக் கிளம்பினார்.

கரண்டி ஒன்று குறைகிறதென்று
சமையலறையிலிருந்து இரண்டுமுறை ஆள் வந்தது.