தொண்ணூற்று நான்கு

முந்நூறுக்குப் பணம் கட்டுகிறோம்.
வருவது தொண்ணூற்று நான்கு.
நள்ளிரவிலும் அதே,
பால் வண்டி பழையபேட்டைக்குள் திரும்பும்போதும் அதே.
காய்ச்சல்கூட இப்படி அசையாமல் நிற்காது.

நஞ்சுண்டனின் போனில்,
கம்பியே இல்லாத காற்றில், இருநூற்று எண்பது.
"காத்துல வர்றது கம்பியில வராதா?" என்று சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
காவேரிப்பட்டணத்துக் கல்யாணம் ஒன்று, இரண்டு நாள், மூன்று கேமரா,
இருநூறு ஜிபி.
பெங்களூர் ஸ்டுடியோவுக்கு ஏறி முடிக்க
ஐந்து மணி நேரம், கரண்ட் போகாமல் இருந்தால்.

மோடத்தை அணைத்துப் போட்டேன்.
பத்து எண்ணிப் போட்டேன், நூறு எண்ணிப் போட்டேன்.
திம்மராயன் எக்ஸெல்லில் வந்தான்,
தன் லேப்டாப்பைப் பெட்டியிலேயே நேராகச் சொருகினான்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
"வெளிய எங்க லைன் சுத்தமா இருக்குக்கா.
உங்க வூட்டுக்குள்ளதான் ஏதோ."
யாரோ போனில் கூப்பிட, தெலுங்கில் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

வீட்டுக்குள்தான் ஏதோ.
இருபத்திரண்டு மீட்டர்:
பெட்டியிலிருந்து பரண் ஓரமாக,
காலண்டர் ஆணியைச் சுற்றி, மிக்ஸி பிளக்கை ஒட்டி,
என் அறைக் கதவு நிலை வழியாக டெஸ்க்டாப்புக்கு.
வேறு துளையில் மாட்டினேன். மாறவில்லை.
நாத்தனாரின் லேப்டாப்பைக் கடன் வாங்கி மாட்டினேன்.
அதே தொண்ணூற்று நான்கு.
மீதி இருந்தது வயர் மட்டும்.

ஸ்டூல் மேல் ஏறி விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.
தூசி, ஒட்டடை, பல்லி முட்டை, உருண்டை, உருண்டை, உருண்டை,
கதவு நிலையில் தட்டை.
சேலம் ரோட்டில் லாரி ஏறிய சாரைப் பாம்பு மாதிரி
ஒரு விரற்கடை தட்டை.

ஐப்பசி மழையில் உப்பிய கதவு.
உதைத்தால்தான் சாத்தும்.
ஹாலில் சீரியல் அழுகை, எனக்கோ நாதஸ்வரத்தைக் கேட்டு வெட்ட வேண்டும்,
உதைத்தேன்.
நஞ்சுண்டன் தோளால் இடித்தான்.
மாசியில் கதவு இளைத்தது.
உதைக்கும் கால் இளைக்கவில்லை.

எட்டு இழை உள்ளே. உரித்துப் பார்த்தால்
நீலம் மட்டும் அறுந்திருந்தது.
ஆரஞ்சும் பச்சையும் பாரத்தை எடுத்துக்கொண்டன,
பெட்டியும் டெஸ்க்டாப்பும் தங்களுக்குள் பேசி
நூறு போதும் என்று முடித்துவிட்டன.
ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு சிவப்பு விளக்கு இல்லை.
எட்டு மாதம்.

ஐந்து ரோட்டில் கிரிம்பர் வாங்கினேன், முந்நூற்றைம்பது.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே நுழைத்தேன்.
முதல் தடவை பச்சையும் நீலமும் இடம் மாறிப்போனது.
இரண்டாவது தடவை
கிர்க்.
மஞ்சளாக இருந்த விளக்கு பச்சையானது.

ஆனால் நைந்ததை வெட்டி எறிந்ததில்
வயர் குட்டையாகிவிட்டது. கதவைத் தாண்டவில்லை.
ஆகவே மேசை தாண்டி வந்தது,
ஹாலுக்கு, டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில்.

இப்போது ஆனி. ஜன்னல் முழுக்க மாங்கூழ் ஆலை வாசம்.
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஏறிக்கொண்டிருக்கிறது கல்யாணம்.
சீரியல் இடைவேளையில் நாத்தனார் கெம்பம்மா
ஒரு மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டு
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இந்தப் பொண்ணு சிரிக்கவே இல்லையே, பாத்தியா?"

பின்னால் ஓட்டினேன்.
முகூர்த்தம், மாலை மாற்றல், வரவேற்பு,
பதினாறு மணி நேரம், மூன்று கேமரா.
நலங்கில் ஓரிடத்தில் உதடு விரிந்தது.
நிறுத்திப் பார்த்தேன். கொட்டாவி.

அறுபத்தொரு சதவீதம்.
டிவியில் விளம்பரம் முடிந்தது.
கெம்பம்மா போகவில்லை.