சுற்றறிக்கை, தமிழில்

பதவிப் பிரமாணம் நடந்த மாலை
நோர்வூட்டில் மின்சாரம் இல்லை.
செயலகக் காவலாளி பியதிஸ்ஸ
தன் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தார்.
ஐந்து பேர் குனிந்து பார்த்தோம்.
வலது கை உயர்ந்ததும் சார்ஜ் தீர்ந்தது.
எங்களைப் பொறுத்தவரை
அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் பழைய படத்தைக் கழற்றினோம்.
சுவரில் ஒரு சதுரம்,
பூஞ்சை தொடாமல், வெள்ளையாய்.
புதிய படத்துக்கு எழுதிக் கேட்டோம்,
நினைவூட்டினோம், மறுபடி நினைவூட்டினோம்.
மூன்று மாதம் அந்தச் சதுரமே எங்களை ஆண்டது.
பரவாயில்லாமல்தான் ஆண்டது.

என் வேலை
சிங்களத்தில் வருவதைத் தமிழில் அனுப்புவது.
முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு வரும்.
இப்போது காலைத் தேநீர் ஆறுமுன் இரண்டு.
வாகனங்களை ஏலம் விடுக.
மின்விசிறிகளை எண்ணி அறிவிக்கவும்
(மலையில் எங்களுக்கு மின்விசிறி இல்லை;
பூச்சியம் என்று எழுதிக் கையொப்பமிட்டோம்).
'அதிமேதகு' என்னும் அடைமொழி இனி வேண்டாம்
என்றொரு சுற்றறிக்கை
'அதிமேதகு சனாதிபதி அவர்களின் பணிப்புரைக்கமைய'
என்றே தொடங்கியது.
அப்படியே பெயர்த்தேன்.
திருத்துவது என் வேலை அல்ல.

நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.
தமிழில் கூட்டுக்கும் கருவுக்கும்
அதே வினைச்சொல்தான்.
அந்தக் கிழமை பதினாறாம் நம்பர் மலையில்
குளவிக்கூடு கலைந்து
ஒன்பது பெண்கள் ஆஸ்பத்திரியில்.
இரவுச் செய்தியில்
முதல் கலைப்பு மட்டும் வந்தது.

பிறகு தேர்தல், விரலில் மை.
பிறகு சம்பள வர்த்தமானி.
பிறகு அதை மீளப்பெறும் வர்த்தமானி.
இரண்டையும் ஒரே எழுத்துருவில் தமிழாக்கினேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள்
காணி பற்றியது வந்தது.
தோட்டங்களில் வாழ்வோருக்கு ஏழு பேர்ச்.
மூலத்தில் 'பதிஞ்சிகருவோ' என்றிருந்தது.
வசிப்போர் எனலாம்.
கூரைக்குள் புறாக்களும் வசிக்கின்றன.
குடியிருப்போர் எனலாம்.
அதற்குள் 'குடி' இருக்கிறது;
ஒரு சட்டம் என் தாத்தாவிடமிருந்து உருவி எடுத்த சொல்,
அம்மாவின் முப்பத்தொன்பதாம் வயதில்
பிளாஸ்டிக் உறையிட்டுத் திரும்பி வந்த சொல்.

மஞ்சரி எட்டிப் பார்த்தாள்:
"இவ்வளவு நேரமா? ஒரு வார்த்தைதானே, தேவி?"
உண்மைதான்.
ஆனால் ஐந்து மணி பஸ்ஸில் இறங்கி
அந்த வார்த்தைக்குள்தான் நான் போய்ப் படுக்க வேண்டும்:
எட்டாம் லயம், மூன்றாம் காம்பிரா,
மழைக்கு ஒரு வாளி, பனிக்கு ஒரு சாக்கு.

கொழும்புக்குத் தொலைபேசினேன்.
பாட்டுப் போட்டார்கள், நீளமாக.
வைத்துவிட்டு
பதினான்கு வருடச் சேவையில் முதல் தடவையாக
மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தேன்.
'நிரந்தரக் குடியிருப்போர்.'
விரல் நடுங்கவில்லை.
நடுங்கும் என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் வழக்கமான கடைசி வரி:
முரண்பாடு ஏற்படின்
சிங்களப் பிரதியே மேலோங்கும்.
அதையும் நான்தான் தட்டச்சிட்டேன்,
புள்ளி தவறாமல்.

இன்றுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.
தமிழ்ப் பிரதியை எவரும் வாசிக்கவில்லை
என்றும் கொள்ளலாம்.

அதே வாரம் படம் வந்து சேர்ந்தது.
பியதிஸ்ஸ நாற்காலிமேல் ஏறி
பழைய ஆணியிலேயே மாட்டினார்.
படம் சிறியது.
நாலு பக்கமும் பழையவரின் வெள்ளை
விளிம்பாகத் தெரிகிறது.
"நேரா இருக்கா?" என்றார்.
நான் கையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
மார்போடு வெட்டியிருந்தார்கள்.