நற்பெயர்: மாற்றமில்லை

பாலத்தின்மேல் ஆட்கள்.
எத்தனை பேரென்று திரை காட்டவில்லை.
மூட்டைகள், ஒரு கைவண்டி, வாத்துக்கூண்டு,
யாரோ ஒருவர் தோளில்
வாய் திறந்து தூங்கும் குழந்தை.
அவர்களுக்குப் பின்னால்
குதிரைகள் கிளப்பும் புழுதி.

எனக்கு மூன்று பதில்கள் கொடுத்தார்கள்,
பதினைந்து நொடி.
மூன்றாவதைப் படித்துக்கொண்டிருக்கையிலேயே
என் இடுப்பிலிருந்த பந்தத்தை உருவி
கயிற்றில் வைத்துவிட்டாள் இவ்ரா.

நாற்பது மணி நேரமாய் என்னோடு நடப்பவள்.
என் காயங்களுக்குப் பச்சிலை அரைத்தவள்.
நான் பூட்டை உடைக்கும்போதெல்லாம்
வேறு பக்கம் திரும்பி நின்றவள்.

பாலம் எரிந்து ஆற்றில் இறங்கியது.
"நீ செய்திருக்க மாட்டாய்" என்றாள்.
"அதனால்தான் நான்."
திரையின் மூலையில் பொடி எழுத்தில்
நற்பெயர்: மாற்றமில்லை.

பழைய பதிவுக்குத் திரும்பினேன்.
இரண்டாம் முறை ஓடிப் போனேன்,
அவள் எனக்கு முன்பே அங்கிருந்தாள்.
மூன்றாம் முறை பந்தத்தை ஆற்றில் எறிந்தேன்,
அவளிடம் சிக்கிமுக்கிக் கல் இருந்தது.
நான்காம் முறை
அவளை முகாமில் விட்டுத் தனியே போனேன்.
பந்தத்தோடு பதினைந்து நொடியும் நின்றேன்.
அப்புறம் நடந்ததைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் நீங்கள்
அவள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்.

மடிப்பாக்கத்தில் மழை விட்டு ஒன்பது நாள்.
அந்த ராத்திரி எங்கள் அடித்தளத்தில்
முழங்கால் அளவு தண்ணீர்.
பதினெட்டு கார்கள், மீட்டர் பெட்டிகள்,
போன ஆனியில் மாற்றிய லிஃப்ட் மோட்டார்.
சங்கச் செயலாளர் நான்.
இரண்டே காலுக்குப் பிளம்பர் யேசுராஜ்
ஒரு படம் அனுப்பினான்:
மதில் ஏறி அந்தப் பக்கம் குனிந்திருக்கும்
நீலக் குழாய்.
கூடவே குரல் பதிவு, மழைச் சத்தத்துக்கு நடுவே:
"போட்டாச்சு சார். வேற வழியில்ல.
நீங்க எதுவும் பேச வேணாம்.
கேட்டா நான்தான்னு சொல்லிக்கிறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம்
ஏழாவது குறுக்குத் தெரு.
எங்களைவிட இரண்டடி தாழ்வு.
இது எனக்குத் தெரியும்,
கால்வாய் மனுவில் நானே எழுதியிருக்கிறேன்.
மஞ்சளாய் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு
செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

விடிந்ததும் அந்தத் தெருக்காரர்கள் வந்தார்கள்.
யேசுராஜின் காலரைப் பிடித்தபோது
பால்கனியில் நான்
காயாத துணிகளை
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் ஒரு முறைகூட
அண்ணாந்து பார்க்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்
அவனுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தீர்மானம்.
எனக்குக் கைதட்டல்.

நேற்று சபுரா தையல் கடைக்குப் போனேன்.
சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு.
வாசலில் தலைகீழாய்க் காயும் இரண்டு மிஷின்,
உள்ளே துருவின் வாசனை.
"ஓவர்லாக் மோட்டார் போயிடுச்சு சார்,
ஆனா பாப்பா யூனிஃபார்ம் இருக்கு,
முதல்ல அதைத்தான் தூக்கி
பரண்மேல போட்டேன்."
எண்பது ரூபாய்க்கு ஐந்நூறு நீட்டி
இருக்கட்டும் என்றேன்.
நானூற்று இருபதை எண்ணி, ஈர நோட்டுகளைத் தள்ளி,
காய்ந்ததாய்ப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது இரவு ஒன்றரை.
முதல் பதிவிலேயே விட்டுவிட்டேன்,
அவள் எரித்த பாலம் எரிந்ததாகவே இருக்கட்டும்.
முகாமில் நெருப்புக்கு எதிரே இவ்ரா.
கரி படிந்த விரல்களை
மணலில் தேய்க்கிறாள்.
"கோபமா?" என்கிறாள்.

மன்னித்தேன்.
என்னோடு வராதே.
பதில் பேசாமல் இரு.

மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கிறேன்.
பந்தம் என் இடுப்பில்தானே இருந்தது
என்று சொல்ல
ஒரு வரியும் இல்லை.

இங்கே நொடிக்கணக்கு கிடையாது.
அவள் காத்திருப்பாள்.
கண்ட்ரோலர் உள்ளங்கையில் சூடாகிறது.
யாரோ இந்நேரத்தில் வீடு திரும்புகிறார்கள்,
லிஃப்ட்
அடித்தளத்திலிருந்து
சத்தமில்லாமல் மேலே வருகிறது.