தாச்சி

பாரிசவாதம் வந்து ஏழாம் மாதம்.
வலக்கை இன்னும் விருந்தாளி,
மடியில் தூக்கி வைத்தால் இருக்கும்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்:
உழுந்தையும் பயறையும் கலந்து
அந்தக் கையாலேயே பிரியுங்கோ.
காலையில் பதினொன்று பிரித்தேன்.
பன்னிரண்டாவதைக் கோழி கொத்திப் போனது.

முற்றத்தில் இறங்குகிறேன்,
மிதிவெடி எடுத்து முடித்த காணிக்குள்
முதல்நாள் நடந்த மாதிரி
ஒரு கால்.
யோசனை.
பிறகு மற்றக் கால்.

தண்ணி கேட்க நினைத்தால்
வாய் ‘தாச்சி’ என்கிறது.
லோசினி செம்போடு வருகிறாள்.

செவ்வாய்க்கிழமை லோன்காரப் பெடியன்
படலையில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினான்.
“அண்ணை, இந்தக் கிழமைக் காசு?”
வாயைத் திறந்தேன்.
“இல்லை.”
ஒரு எழுத்தும் வழுக்கவில்லை.

குசினிக்குள் லோசினி சிரித்த சிரிப்பில்
தாச்சியில் வெங்காயம் கருகிப்போச்சு.